துறைமுக நாடகத்தில் என்னுடைய எட்டு வரிகள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த இரண்டு கையால் உண்டாக்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பீளமேட்டுக்குக் கிழக்கே, பாம்பை விரட்டிவிட்டுத்தான் கடக்கால் தோண்ட முடியும் என்றிருந்த இடத்தில் ஒரு பவுண்டரி. இரும்பை உருக்கி மோட்டார் பம்புக்கு உடல் வார்க்கிற பட்டறை. அங்கே கரண்டு வராது என்றார்கள், வந்தது. ஆள் வரமாட்டான் என்றார்கள். வந்தவர்களின் மகன்களும் இப்போது என்னிடம்தான் வேலை பார்க்கிறார்கள். பாறை என்று மூன்று பேர் கைவிட்ட பூமியில் ஒரு கிணறு. மாடி வைத்த வீடு ஒன்று. அதன் படிக்கட்டை மட்டும் இரண்டு தடவை இடிக்கச் சொல்லி மூன்றாம் தடவை நானே அளவு சொல்லிக் கட்டினேன். அதில் ஏறி இறங்குகிற யாருக்கும் இன்றுவரை முழங்கால் வலித்ததில்லை. நான் வார்த்த பம்புகள் காங்கேயம் பக்கம், பல்லடம் பக்கம் எத்தனையோ கிணற்று மேட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இவற்றையெல்லாம் யாரும் மறுப்பதில்லை. கடைசியாக ஒன்று செய்தேன். பழைய துயர நாடகம் ஒன்றில் காதலைப் பற்றி எட்டு வரிகள். அதைத்தான் என்னுடையது என்று சொல்ல மாட்டோம் என்கிறார்கள். ஆகவே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் மாடியில் குடியிருப்பவர் ஒரு கல்லூரி ஆசிரியை. ஆங்கிலம் சொல்லித்தருகிறவர். சொந்த ஊர் கோபிப் பக்கம். நாற்பது வயதிருக்கும். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க நான் தினமும் காலையில் மொட்டை மாடிக்குப் போவேன். மோட்டார் போட்டவன் தொட்டியைப் பார்க்காமல் இருக்கக்கூடாது. அன்றைக்குப் போனபோது அந்த அம்மணி தொட்டி நிழலில் உட்கார்ந்து, எழுதிய தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். உடம்பு சரியில்லாதது நாடகத்துக்குத்தான் என்றார்.

கல்லூரி ஆண்டு விழாவுக்கு மேல்நாட்டுப் பழைய நாடகம் ஒன்றைத் தமிழில் ஆக்கி மேடையேற்றும் பொறுப்பு அவருடையது. என்ன கதை என்று கேட்டேன். தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் கேட்டேன். அவர் சொல்லி முடித்தபோது தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, நான் கவனிக்கவில்லை.

ஒரு துறைமுக ஊர். சுங்க அதிகாரியின் மகளும் படகு கட்டுகிறவன் மகனும் விரும்புகிறார்கள். குடும்பங்களுக்குள் ஆகாது என்பதால் ஒருவரிடமும் சொல்லவில்லை. தாய்க்குத் தெரியாது, தோழிக்குத் தெரியாது. அவன் கப்பலேறிப் போகிறான். கப்பல் மூழ்கிவிட்டதாகச் செய்தி வருகிறது. உண்மையில் அவன் முந்தின துறைமுகத்திலேயே இறங்கி வேறு கப்பலில் வந்துகொண்டிருக்கிறான். அவனை உயிரோடு பார்த்த மாலுமி ஒருவன் அந்தப் பெண்ணின் அப்பாவைப் பார்க்க அவள் வீட்டுக்கே வருகிறான். அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறான். காற்றைப் பற்றிப் பேசுகிறான், மீன் விலையைப் பற்றிப் பேசுகிறான், எழுந்து போகிறான். அவளிடம் அந்தப் பையன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவள் அன்று மாலை கடலில் இறங்கிவிடுகிறாள். மறுநாள் அவன் வந்து சேருகிறான்.

நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு செம்புத் தண்ணீர் என்னை நகர விடவில்லை. எழுதியவன் பெரிய ஆள். வாளும் விஷமும் இல்லாமல், தாகத்துக்கு வந்த ஒருவனை வைத்தே ஒரு உயிரை எடுத்துவிட்டான். எந்த நாட்டுக்காரனோ, எத்தனை நூறு வருடம் முந்தியவனோ, அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த அம்மணி சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு இன்னும் பெரிதாகப் பட்டது. நாடகம் முழுக்க இருவரும் ஒரு தடவைகூட ‘உன்னை விரும்புகிறேன்’ என்று சொல்வதில்லையாம். ஒவ்வொரு தடவையும் ஒரு உவமை. முதலில் பார்த்தபோது, பாயில் காற்று நிறைந்த கப்பல் மாதிரி ஆனேன் என்கிறாள். கடைசியில், மூடி இறுக்கிய மதுச்சாடி உள்ளே பொங்கி வெடிப்பது மாதிரி என் காதல் என்கிறாள். அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் அந்தச் சாடி உண்டு. அதனால் கேட்டவர்கள் அழுதிருக்கிறார்கள்.

நம் ஊரில் நடந்தது வேறு. ஒத்திகையில் மாணவி ஒருத்தி ‘மதுச்சாடி’ என்றதும் பின்வரிசையில் விசில். எந்தக் கடைச் சரக்கு என்று ஒருவன் கேட்க, மொத்த அரங்கமும் சிரித்திருக்கிறது. நடித்த பெண் அழுதுகொண்டே இறங்கிவிட்டாள். விழா அன்றைக்கும் இப்படி ஆனால் மானம் போய்விடும், பேசாமல் ஒரு நகைச்சுவை நாடகம் போடுங்கள் என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். இரண்டு வாரம் இருந்தது. மூன்று வருடமாக அந்த அம்மணி ஆசை ஆசையாகச் செய்த மொழிபெயர்ப்பு.

நெஞ்சு வெடிக்கிறது என்று நேராகச் சொல்லிவிட்டுப் போனால் என்ன என்று கேட்டேன்.

“வெடிக்கறது பெருசில்லீங்க அய்யா. அடைச்சு வெச்சதாலதான் வெடிக்குது. அதைச் சொல்லோணும். அது போச்சுன்னா நாடகமே போச்சுங்க” என்றார்.

அடைத்து வைத்ததால் வெடிப்பது என்றால் என்னவென்று எனக்குச் சொல்லித்தர ஆள் வேண்டாம். என் இடது மணிக்கட்டில் சட்டைக் கையை ஏற்றிக் காட்டினேன். அதில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மூன்று தழும்பு உண்டு.

பவுண்டரியில் வேலை இப்படி. பெட்டியில் ஈர மணலை இடித்து இறுக்கி, நடுவில் மர மாதிரியைப் பதித்து எடுத்தால் பம்பின் வடிவத்தில் ஒரு குழி கிடைக்கும். அதில்தான் உருகிய இரும்பை ஊற்றுவோம். ஊற்றுவதற்கு முன்னால், மெல்லிய கம்பியால் மணலைச் சுற்றிலும் குத்தித் துளை போடவேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது வெட்டி வேலையாகத் தெரியும். ஆனால் சூடு பட்டதும் மணலுக்குள் ஆவி எழும்பும். அது அந்தத் துளை வழியாக வெளியேறி, ஒவ்வொரு துளையின் வாயிலும் சின்னதாக நீலச் சுடர் பிடித்து எரியும். கார்த்திகைத் தீபம் போல வரிசையாக எரிவதைப் பார்த்தால், அச்சு மூச்சு விடுகிறது, இனிப் பயமில்லை என்று அர்த்தம். துளை போடாவிட்டால் ஆவிக்குப் போக வழியில்லை. ஊற்றின வாய் வழியாகவே இரும்பைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்.

பவுண்டரி போட்ட இரண்டாம் வருடம், அவசரத்தில் ஒரே ஒரு பெட்டிக்குத் துளை போடாமல் ஊற்றினேன். இரும்பு நல்ல இரும்பு, சூடு சரியான சூடு. தப்பு முழுவதும் அந்தப் போடாத துளையில் இருந்தது. இந்தத் தொழிலில் இருக்கிற எவனும் வாழ்நாளில் ஒரு தடவை செய்கிற தப்பு அது. இரண்டாம் தடவை எவனும் செய்யமாட்டான்.

அந்தப் பெண்ணும் பையனும் ஒரே ஒரு ஆளிடம் சொல்லியிருந்தால் போதும், அந்த ஆள் மாலுமியைக் கேட்டிருப்பான், அவள் பிழைத்திருப்பாள். அவர்கள் துளை குத்தாத அச்சில் ஊற்றிவிட்டார்கள் என்றேன். அந்த அம்மணி கிழித்த தாளின் பின்பக்கத்திலேயே எழுத ஆரம்பித்துவிட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். பிறகு தலையைத் தூக்கி, இதைச் சொல்லப்போகிறவள் சுங்க அதிகாரி மகள், அவள் விரும்புகிறவன் படகு கட்டுகிறவன் மகன், பவுண்டரி சமாச்சாரம் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். படித்தவர்களுக்கு இப்படித்தான் சந்தேகம் வரும்.

“கப்பலுக்கு மணி வேண்டாமுங்களா அம்மணி? அவனை மணி வார்க்கறவன் மகனாக்கிப் போடுங்க. வெண்கலமானா என்ன, மணல் மணல்தானுங்களே” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். எழுதியவன் பெரிய ஆள் என்று சொன்னேன். அவன் எழுதிவைத்த கதாநாயகனின் குலத்தொழிலையே நான் மாற்றினேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

எட்டு வரிகளும் இப்படி வந்தன:

குறை உலோகத்தில் இல்லை,
நெருப்பிலும் இல்லை.
மணலில் நாம் மூச்சுத் துளை குத்தவில்லை.
ஒருவரிடமாவது சொல்லியிருந்தால்
நம் பயமெல்லாம் நீலச் சுடராய் எரிந்து அடங்கியிருக்கும்.
யாரிடமும் சொல்லவில்லை.
ஊற்றிய வாய்வழியே திரும்பி வந்து
நம்மையே சுடுகிறது.

மறுநாள் ஒத்திகையில் ஒருவரும் சிரிக்கவில்லையாம். அந்தக் கல்லூரியில் படிக்கிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் லேத்தோ பவுண்டரியோ இருக்கும். ‘மூச்சுத் துளை’ என்றதும் பின்வரிசை அடங்கிவிட்டது என்று அம்மணி படியேறும்போதே சொல்லிக்கொண்டு போனார். துறைத் தலைவரும் சரி என்றுவிட்டார். நாடகம் பிழைத்தது.

இன்னொரு இடம் பாக்கி இருந்தது. கப்பல் பாயில் காற்று நிறையும் உவமை. சிரிப்பு வரவில்லை, ஆனால் ஒன்றுமே வரவில்லை. கோயமுத்தூரில் கப்பலையும் பாயையும் கண்டவர் யார்? அதற்கும் ஏதாவது சொல்லுங்கள் அய்யா என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

இரண்டு நாள் யோசித்தேன். மோட்டார், வால்வு, கரண்டு என்று என்னென்னவோ வந்தது. மூன்றாம் நாள் காலையில் என் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஐம்பது வருடத்துக்கு மேல் கூட இருப்பவள், நான் என்ன கேட்டாலும் கை வேலையை நிறுத்தாமல் பதில் சொல்வாள். நான் பெண் பார்க்க வந்தபோது உனக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“இத்தன வருசங் கழிச்சு இப்பத்தான் கேக்கத் தோணுச்சுங்களா?” என்றாள். கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். அவள் பிறந்த ஊர் மதுக்கரை. கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று முதலில் நுழைகிற இடம்.

“எங்கூர்ல மழைக்கு முன்னால காத்து வருமுங்க. மொதல்ல புழுதிதான் கண்ணுல உழும். கசக்கிக்கிட்டே நிப்போம். கண்ணத் தொறந்தா மழை வந்திருக்கும். அப்படித்தான் இருந்துச்சு” என்றவள், கொஞ்சம் விட்டு, “என்ன, நீங்க வந்ததுல புழுதி மட்டும் அன்னைக்கு வந்துச்சுங்க. மழை வரப் பத்து வருசமாச்சு” என்றாள்.

நான் நேரே மாடிக்குப் போனேன். முதல் பாதியை மட்டும் சொன்னேன். அம்மணி துள்ளிவிட்டார். உட்கார்ந்த இடத்திலேயே மூன்று வரியாக்கினார்: முதலில் புழுதியாக வந்தான். கண்ணைக் கசக்கினேன். திறந்து பார்த்தால் மழை. அய்யாவுக்குள் இப்படியொரு ஆள் இருந்தாரா என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

விழா மத்தியானம் நடந்தது. எங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி. நானும் மனைவியும் உட்கார்ந்தோம். நாடகம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் அந்தப் பெண் மேடையில் முன்னால் வந்து, புழுதி வரியைச் சொன்னாள். கண்ணை மெய்யாகவே கசக்கினாள். மழை என்று அவள் சொன்னபோது எங்கோ ஒரு பெண் நீளமாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பக்கத்தில் என் மனைவி முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். ஏசி குளிர் போல என்று நினைத்தேன்.

கடைசியில் என் எட்டு வரிகள். நீலச் சுடர் என்றபோது எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் ‘ம்’ என்றார். வேலை தெரிந்தவன் வாயிலிருந்து வருகிற ‘ம்’ அது. என்னை எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். அந்த ஓர் எழுத்துக்கு ஈடாகாது. அந்தப் பெண் கடலை நோக்கி நடந்தபோது, அதன் முடிவை நான் மாடியிலேயே கேட்டு அறிந்திருந்தும், யாராவது அந்த மாலுமியைக் கூப்பிடுங்களேன் என்று என் வாய் முணுமுணுத்தது.

முடிந்ததும் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். நன்கொடையாளர் என்றார்கள். நான் அந்த விழாவுக்கு ஒன்றும் கொடுத்திருக்கவில்லை. என்னைப் போன்றவன் மேடையேறினால் கொடுத்தவனாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். கையில் கொடுத்த அழைப்பிதழில் மொழிபெயர்ப்பு, இசை, ஒளி, ஒப்பனை, தேநீர் தந்தவர் என்று எல்லாம் இருந்தது. நான் இல்லை.

அடுத்த வாரம் இந்த நாடகத்தைப் புத்தகமாகப் போடப்போவதாக அம்மணி சொன்னார். அதில் என் பங்கைப் போட வேண்டும் என்று கேட்டேன். துறைத் தலைவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர், முகம் தொங்கி வந்தார்.

“என்னைக் கேட்டா மொத பக்கத்துலயே போட்டிருவேனுங்க அய்யா. மூலத்துல இல்லாதத நாமளாச் சேத்தது வெளிய தெரியக்கூடாதுங்கறாங்க. வேணும்னா இன்னொரு விழா வெச்சு, பொன்னாடை...” என்று இழுத்தார்.

என் வீட்டுப் பீரோவில் ஒரு தட்டு முழுக்கப் பொன்னாடைதான். போர்த்திக்கொள்ளவும் முடியாது, துடைக்கவும் ஆகாது.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பவுண்டரியில் சொல்லிப் புலம்பினேன், வீட்டில் சொல்லிப் புலம்பினேன். நான் சொன்னதை எழுதிக்கொண்டு, என் வரியை இன்னொருவர் வரியாக்குவது என்ன நியாயம் என்று சாப்பிடுகிற இடத்திலும் கேட்டேன். என் மனைவி ரசத்தை ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“அந்தப் புழுதி என்னுதுங்க” என்றாள்.

நீ சொன்னால் என்ன, நான் சொன்னால் என்ன, வீட்டுக்குள் எல்லாம் ஒன்றுதானே என்றேன்.

“அப்ப நீங்க சொன்னா என்ன, அவங்க போட்டுக்கிட்டா என்னங்க? எதுக்கு மூணு நாளா ரசத்தக்கூட ஒழுங்காக் குடிக்க மாட்டேங்கறீங்க?”

குரலை உயர்த்தவில்லை. அரங்கத்தில் முந்தானையை இழுத்துக்கொண்டது குளிருக்கு அல்ல என்று அப்போது தெரிந்தது. அத்தனை பேர் மூச்சை இழுத்துப் பிடித்துக் கேட்டது அவள் வார்த்தையை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

கை கழுவிவிட்டு மாடி ஏறினேன். புழுதி வரி மூன்றும் என்னுடையவை அல்ல, கீழே இருப்பவளுடையவை என்று அம்மணியிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. உடனே இறங்கி வந்து என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று வருடமாக அகராதியில் தேடியும் கிடைக்காத உவமை கீரை உருவுகிற இடத்தில் இருந்திருக்கிறதே என்றார். என் மனைவிக்கு வெட்கம். என் பேரெல்லாம் போடவேண்டாம், மதுக்கரையில் தெரிந்தால் கேலி பேசுவார்கள் என்றாள். இரண்டாம் பாதியையும் சொன்னாளா என்று தெரியவில்லை; இருவரும் சமையலறையில் வெகுநேரம் சிரித்தார்கள்.

இதைப் படிக்கிற துறைத் தலைவருக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் தொழிலில் பம்பின் மேல் கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். மாதிரி அவர்களுடையது, விற்பதும் அவர்கள். ஆனால் அடியில், தேடிப் பார்த்தால் தெரிகிற மாதிரி, வார்த்த பவுண்டரியின் ஒற்றை எழுத்தும் இருக்கும். அதனால் கம்பெனிக்கு எந்தக் குறையும் வந்ததில்லை. உடைந்தால் யாரைக் கேட்பது, உழைத்தால் யாரை நினைப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த எழுத்து.

நாடகம் அந்தப் பெரிய மனிதனுடையது. தமிழ் அந்த அம்மணியுடையது. இரண்டு பெயரும் அட்டையில் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். மூலத்தில் இல்லாததைச் சேர்த்தோம் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். சேர்க்காவிட்டால் விசில்தான் கேட்டிருக்கும்.

புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்வி. ஆகவே உள்பக்கத்தில், எவ்வளவு சிறிய எழுத்தானாலும் சரி, இப்படிப் போடவேண்டும்: புழுதியும் மழையும் என்ற மூன்று வரிகள் மதுக்கரையில் பிறந்த ஒரு பெண்மணி சொன்னவை, கதாநாயகனை மணி வார்ப்பவன் மகனாக்கியதும், மூச்சுத் துளையைப் பற்றிய எட்டு வரிகளும் அவள் கணவர், பீளமேட்டுப் பவுண்டரிக்காரர் சொன்னவை. அவள் பெயர் வேண்டாம் என்றால் அவள் இஷ்டம். என் பெயரைத் தாளில் எழுதி மாடியில் கொடுத்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். விட்டுவிடக்கூடாது.